திறந்து பார்க்கக் கூடாது

எறும்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, கடிக்காதா என்றுதான். நீங்களும் அதையே கேட்டீர்கள், மேடம். கடிக்கும். ஆனால் சும்மா இருப்பவரைக் கடிக்காது. இத்தனை வருடங்களில் நான் வாங்கிய கடியெல்லாம் என் அவசரத்துக்கு வாங்கியது.

டீ நன்றாக இருக்கிறது. ஒரு உதவி மட்டும் கேட்க வேண்டும். என் வீட்டு முன்னறை மேசையில் சில கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. தேனும் தண்ணீரும் கலந்து ஒரு சொட்டு, செத்த கரப்பானின் கால் ஒரு துண்டு, அவ்வளவுதான் அவற்றுக்குத் தேவை. யாரையாவது அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மேசையை மட்டும் ஆட்டக் கூடாது. ஏட்டையா சிரிக்கிறார். சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். குலசேகரத்தில் சிவதாணு வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். எறும்புக்காரன் வீடு என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

சபிதாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன். எறும்பைச் சொல்லாமல் என் மனைவியைப் பற்றிச் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அவளும் அவள் வயிற்றிலிருந்த பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே வீடு. அடுத்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வந்த வருடம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மழை சற்று வெறித்த ஒரு சாயங்காலம், வாசல்படியில் சிறகோடு ஒரு பெரிய கட்டெறும்பு வந்து விழுந்தது. அதைப் போல் பெரிய எறும்பை நான் பார்த்ததில்லை. யூடியூபில் தேடிப் பார்த்தபோதுதான் அது ராணி என்று தெரிந்தது. முதல் மழைக்குப் பறந்து வந்து, ஆணோடு சேர்ந்து, தரையில் இறங்கிச் சிறகை உதிர்த்துவிட்டுத் தனியாகக் கூடு தொடங்குவதற்கு இடம் தேடுகிறவள்.

அவளை வைத்துக்கொள்ளும் முறை மிகவும் எளியது. பள்ளிக்கூட லேபில் இருக்குமே, அந்தச் சோதனைக் குழாய் ஒன்று. அடியில் கொஞ்சம் தண்ணீர். அது வழியாமலிருக்க நடுவில் பஞ்சு. ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்துவிட்டு, இருட்டான இடத்தில் வைத்துவிட வேண்டும். சாப்பாடு வேண்டாம். பறப்பதற்கென்று உடம்பில் இருந்த சதை இனி அவளுக்குத் தேவையில்லை. அதைக் கரைத்தே உயிர் வாழ்வாள், முட்டையிடுவாள், குஞ்சுகளுக்கும் ஊட்டுவாள். முதல் வேலைக்கார எறும்புகள் வெளியே வரும் வரை ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். திறந்து பார்க்கக் கூடாது.

புதிதாக வளர்க்கிறவர்கள் எல்லோரும் தோற்பது இந்த இடத்தில்தான். மனசு கேட்காது. முட்டை போட்டாளா, உயிரோடு இருக்கிறாளா என்று தினமும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சமும் ஆட்டமும் பட்டால் ராணி பயந்துவிடுவாள். பயந்த ராணி, போட்ட முட்டையை அவளே தின்றுவிடுவாள். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் தேங்காப்பட்டணத்து நிஹால் என்றொரு பையன், காலேஜில் படிக்கிறான், வருடா வருடம் இதே தப்பைச் செய்துவிட்டு எனக்கு போன் போடுவான். "அண்ணே, இந்தத் தடவையும் முட்டையத் தின்னுட்டா அண்ணே" என்பான். நீ ஏண்டா எடுத்துப் பார்த்தாய் என்றால், "சும்மா ஒரே ஒரு தடவதான் அண்ணே" என்பான். எனக்கு அப்படியொரு எரிச்சல் வரும். என்னிடம் அப்படி ஒரு ராணியும் போனதில்லை.

சபிதாவுக்கு ஊர் சுசீந்திரம். கல்யாணமாகி வந்த புதிதில் என் எறும்புகளைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தாள். பழைய ராணிக்கு மூத்தாள் என்று பேர் வைத்தாள். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், "மூத்தாளுக்கு ஊட்டி முடிச்சாச்சின்னா இளையாளுக்கும் ஒரு வாய் சோறு எடுத்துப் போடலாம்லா?" என்பாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். சிரித்த முகம். நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதை மட்டும் பிறகு நான் நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்றால், முதல் கர்ப்பம் தங்கவில்லை. சுசீந்திரம் தேரோட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள், அந்த வாரமே கலைந்துவிட்டது. டாக்டர், பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். அந்த மாதமே அவள் வேலையை நிறுத்தினேன். இரண்டாவது தடவை, அவள் அம்மா பகவதியம்மாள் வந்து தங்கியிருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு, டிவி, தம்பி முருகதாஸ் பைக்கில் வருவதும் போவதுமாக வீடு சந்தை மாதிரி இருந்தது. அதுவும் தங்கவில்லை. அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் முன்னறையில் வந்து உட்கார்ந்து அழுதேன், மேடம். ஆண்பிள்ளை அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இத்தனை வருடம் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருந்ததை வீட்டில் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

மூன்றாவது தடவை நின்றபோது டாக்டரே பெட் ரெஸ்ட் என்று சொல்லிவிட்டார். சீட்டில் எழுதியே கொடுத்தார். அதிர்ச்சி கூடாது, அலைச்சல் கூடாது, மனசு அமைதியாக இருக்க வேண்டும். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு புகைப்புரை உண்டு. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, புகை போட்டு உலர்த்துகிற சின்னக் கட்டடம். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு ஒன்று. பக்கச் சுவரின் அடியில், வெளியே நின்று தீ போடுவதற்கு ஒரு வாய். இப்போது ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் அது சும்மா கிடந்தது. வெயிலும் மழையும் உள்ளே தெரியாது என்பதால் எறும்புப் பெட்டிகளை அங்கேதான் வைத்திருந்தேன். இந்த வருடம் அவற்றை முன்னறைக்கு மாற்றினேன். சுவரெல்லாம் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்து, தெர்மோகோல் பதித்து, மேலே ப்ளைவுட் அடித்தேன். சத்தம் தொல்லை செய்யக் கூடாது பாருங்கள். தரைக்கு டைல்ஸ் போட்டேன். காற்று போய்வரக் குழாய், ஒரு சின்ன விசிறி, கட்டில், மூலையில் கக்கூஸ். எல்லாம் என் கையாலேயே செய்தேன். ஏ.சி. வேலை தெரிந்தவனுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. விளக்கு மட்டும் சிவப்பாகப் போட்டேன். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. மனுஷருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், கண்ணை உறுத்தாது என்றுதான் போட்டேன்.

ஏழாம் மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகவதியம்மாள் நாள் குறித்துவிட்டார். சபிதா பெட்டி கட்டத் தொடங்கினாள். சேலைகளுக்கு அடியில் அவளுடைய பி.எட். சர்டிபிகேட்டுகளும், கல்யாணத்துக்குப் போட்ட நகைகளும் இருந்தன. பிரசவத்துக்குப் போகிறவளுக்கு பி.எட். சர்டிபிகேட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ராணியைக் குழாய்க்குள் விடும்போது கையால் பிடித்துத் திணிக்கக் கூடாது, கால் ஒடிந்துவிடும். குழாயின் வாயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், இருட்டைப் பார்த்து அவளே உள்ளே போவாள். சபிதாவையும் நான் தொடவில்லை. புகைப்புரையைச் சரிபண்ணியிருக்கிறேன், வந்து பார் என்று கூப்பிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இதென்ன, மூத்தாளுக்குப் புதுவீடா? கட்டிலெல்லாம் போட்டிருக்கிய" என்று சிரித்தாள். உள்ளே போய் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். "போதும் வெளாட்டு, தொறங்க" என்றாள். நான் கதவோடு வாயை வைத்து, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும்தான், உனக்கு ஒரு குறையும் வராது என்று நிதானமாகச் சொன்னேன். அவள் கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு, "இஞ்ச பாருங்க, எனக்கு எங்க அம்மையக் கூப்பிட்டுத் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அம்மாதான் வேண்டாம் என்றேன்.

பட்டினி போட்டேன் என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்களாம். அது பொய். மனுஷிக்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். தண்ணீர் கேன்கள் உள்ளேயே இருந்தன. ஈத்தப்பழம், பிரெட், சத்துமாவு, டாக்டர் எழுதிய மாத்திரை எல்லாம் முன்னதாகவே வைத்திருந்தேன். தீ போடுகிற வாய் வழியாகத் தினமும் சோறும் மீனும் தள்ளிவைத்தேன். ஆனால் அந்த வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் தரையில் குப்புறப் படுத்து என் கையைப் பிடிப்பாள், கத்துவாள். ஏழு மாதக்காரி குப்புறப் படுக்கலாமா? அவள் அமைதியாக இருக்க வேண்டும் என்று நான் பாடுபட, என் சோற்றுத் தட்டே தொந்தரவாகிவிட்டது. அதனால் தினமும் என்பதைக் குறைத்தேன்.

தட்டுவதும் பிறாண்டுவதும் ஓயவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. குழுவில் எழுதிக் கேட்டேன். என் போனில் அதை நீங்கள் பார்த்தீர்கள். "புதிய ராணி, அடைப்பைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறாள், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தேன். நிஹால்தான் முதலில் பதில் போட்டான். "பாக்காதீங்க அண்ணே. நீங்களே இப்பிடிக் கேட்டா நாங்க என்ன செய்ய? விட்டுருங்க, தானா அடங்கிரும்" என்று எழுதி, சிரிக்கிற படம் ஒன்றும் போட்டான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம், அழுதானாம். பாவம், அவனை விட்டுவிடுங்கள். அவன் சொன்ன பதில் சரியான பதில்தான்.

பால்வெட்டுக்கு வருகிற செல்வனை, மழை முடிந்து வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டேன். மழைக்காலத்தில் எப்படியும் வெட்டு நடக்காது, அவனுக்கும் சந்தேகம் வரவில்லை. சபிதாவின் போன் என்னிடம் இருந்தது. டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நன்றாக இருக்கிறேன் என்று அவள் அம்மாவுக்கு அவ்வப்போது செய்தி போட்டேன். பெயரளவில் பொய்தான். ஆனால் அவள் நன்றாகத்தானே இருந்தாள்.

குறித்த நாளில் பகவதியம்மாளும் முருகதாஸும் காரில் வந்தார்கள். தூக்குவாளிகளில் சோறு, கறி, ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், யாரையும் பார்க்க விடமாட்டார்கள் என்றேன். பகவதியம்மாள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். "எம் பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்காம நான் எப்பிடிப் போவேன் மருமவனே? ஒரு நிமிசம், வாசல்ல நின்னு பாத்துட்டு வந்திருதேனே" என்றார். கூடாது என்றால் கூடாதுதான், பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முருகதாஸ் மட்டும், "எந்த ஆஸ்பத்திரி அத்தான்?" என்று இரண்டு தடவை கேட்டான். மழை பலமாகப் பெய்துகொண்டிருந்ததால் புகைப்புரையிலிருந்து எதுவும் கேட்கவில்லை. போகும்போது பகவதியம்மாள் முந்திரிக்கொத்து டின்னை என் கையில் கொடுத்து, பூ மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழுதார்.

நான் செய்த ஒரே தவறு அதற்குப் பிறகு நடந்தது. இரக்கப்பட்டு, அந்தப் பலகாரத்தில் கொஞ்சத்தைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு உள்ளேயிருந்து கேட்டாள், "அம்மை வந்துட்டுப் போயாச்சா?" குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அவள் அம்மா கை பலகாரம் அவளுக்குத் தெரியாதா? போய்விட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, தெர்மோகோல், ப்ளைவுட் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. நல்லது செய்யப்போய் நானே கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. அன்று சாயங்காலமே அந்த வாயைச் செங்கல் வைத்து அடைத்தேன். உள்ளே தேவையான அளவுக்குச் சாப்பாடு இருந்தது. இனி நானும் தொந்தரவு செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில், புகைப்புரைப் பக்கம் சத்தம் அதிகமாக இருந்தது. முந்தைய சத்தம் மாதிரி இல்லை. விட்டு விட்டு வந்தது. என் பேரைச் சொல்லியே கூப்பிட்டாள், கல்யாணமான நாள் முதல் அவள் என்னைப் பேர் சொன்னதில்லை. "சிவதாணு, தொற. பிள்ளைக்காவது தொற" என்றாள். நான் கதவு வரைக்கும் போனேன். சாவி கையில் இருந்தது. திறந்திருப்பேன். எத்தனை பேர் இந்த ஒரு நிமிடத்தில் தோற்றுப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை என்றுதான் எல்லோரும் திறக்கிறார்கள். முன்னறைக்குத் திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு மூத்தாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் அடக்கியதில்லை. மத்தியானத்துக்கு மேல் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

முருகதாஸ் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருக்கிறான். பிறகு செல்வனைப் பிடித்து, இரண்டு பேருமாக வந்தார்கள். செல்வனுக்குப் புகைப்புரையின் புதுப் பூட்டு முன்பே கண்ணில் பட்டிருக்கிறது. நான் கெஞ்சினேன். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதான் அமைதியாகியிருக்கிறாள் என்று சொன்னேன். முருகதாஸ் என்னைக் கீழே தள்ளிவிட்டான். "எங்க அக்காவ என்னலே செஞ்ச?" என்று கேட்டான், நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. செல்வன் கடப்பாரையால் பூட்டை நெம்பினான். வெளிச்சம் உள்ளே போனது. செல்வன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கூட்டிப்போய் உள்ளே விட்டது நான். பூட்டியது நான். அடைத்தது நான். அவள் கூப்பிட்டது காதில் விழுந்தும் திறக்காதது நான். எழுதிக்கொள்ளுங்கள், மேடம், கையெழுத்துப் போடுகிறேன். பிரசவ வலி வந்து, இரத்தம் போய், பிள்ளையும் அவளுமாகப் போய்விட்டார்கள் என்று டாக்டர் எழுதியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. பூட்டை உடைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அது நடந்துவிட்டது என்கிறாரே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த நாட்களில் நான் புகைப்புரைச் சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். தட்டல் இல்லை, பிறாண்டல் இல்லை, அழுகை இல்லை. ஒரு வழியாக அடங்கிவிட்டாள் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்ததே அப்போதுதான்.